ஒத்த ஸ்டார் அண்ணாச்சியும் வாய்க்குள் பேசும் டாக்டர்களும்

மும்பையின் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் வருமான வரிக்காரர்களுக்குப் பயப்படவில்லை, அரசியல்வாதிகளுக்குப் பயப்படவில்லை. எங்கள் சந்து ஒத்த ஸ்டார் அண்ணாச்சி ஒருவருக்குத்தான் பயந்தார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாட்டுங்காவில் ஒரு தோல் டாக்டர், அண்ணாச்சி வருவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போவதாகச் சொல்லிப் பின்வாசல் வழியாகக் கிளம்பியதை என் கண்ணால் பார்த்தேன். அப்போது காலை டிபன் நேரம்கூட முடியவில்லை.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்து எங்களுடையது. எதிரும் புதிருமாக இரண்டு பேர் குடையோடு வந்தால் ஒருவர் குடையை மடக்கியாக வேண்டும். அண்ணாச்சி வீட்டு வாசலும் என் வீட்டு வாசலும் நேருக்கு நேர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவயதிலேயே வந்தவர், பழைய எண்ணெய் டின்களை நெளிவெடுத்துப் புதுசாக்கும் பட்டறை வைத்திருந்தார். நெளிவெடுப்பது என்றால் சுத்தியலால் அடிப்பது. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, தகரத்தின் மேல், காலையிலிருந்து இருட்டும்வரை அடிப்பது. பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தபோது மகன் அவருக்கு ஒரு செல்போன் வாங்கிக் கொடுத்தான். வினை அப்படித்தான் வந்தது.

மதினிக்கு, அதாவது அண்ணாச்சியின் சம்சாரத்துக்கு, மூட்டுவலி. டாக்டர் விலாசம் தேடும்போது பெயருக்குக் கீழே வரிசையாக நட்சத்திரங்கள் இருப்பதைக் கண்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இது என்ன, டாக்டரு பேருக்குக் கீழ வெள்ளி மொளச்சிருக்கு?”

“அது ஸ்டார் அண்ணாச்சி. அவருகிட்ட போயிட்டு வந்தவங்க போடுற மார்க்கு.”

“யாரு வேணும்னாலும் போடலாமா?”

“போடலாம்.”

“எட்டாங்கிளாஸ் பெயிலானவனும்?”

“அதெல்லாம் கேக்கமாட்டாங்க அண்ணாச்சி.”

தன்னைப் பெயிலாக்கி அனுப்பிய படிப்பின் மேல் அவருக்கு ஒரு பாக்கிக் கணக்கு இருந்திருக்க வேண்டும். அன்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை மகன் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை. இந்த உரையாடலை நாங்கள் இருவரும் கத்தித்தான் பேசினோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்தைச் சுற்றிப் பட்டறைகள். அங்கே யாரும் யாரிடமும் கத்தாமல் பேசுவதில்லை. பால்காரர் விசாரிப்பது வெளியூர்க்காரர்களுக்குச் சண்டை போடுவதாகத் தோன்றும்.

அன்றிலிருந்து அண்ணாச்சி ஸ்டார் போட ஆரம்பித்தார். பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதனால் முகத்துக்கு நேரே அண்ணாச்சி. முதுகுக்குப் பின்னால் ஒத்த ஸ்டார். எங்கள் சந்தில் முதுகுக்குப் பின்னால் என்பது ஒரு சாண் தள்ளி என்று பொருள். “ஒத்த ஸ்டார் வாராரு, வழி விடு” என்று குழாயடியில் பெண்கள் சொல்வார்கள். அவர் ஒரு சிரிப்போடு கடந்து போவார். என்ன ஒரு பெருந்தன்மை என்று நான் வியந்திருக்கிறேன்.

அவருக்கு ஸ்டார் போடுவது பொழுதுபோக்கு இல்லை, மதக் கடமை. எங்கள் சந்தில் பாதிப்பேர் சர்ச்சுக்குப் போகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று. யாரும் தெரிவிப்பதில்லை. அண்ணாச்சி ரிவ்யூவையும் இந்த ஓலையின் இன்னொரு வகையாகவே எடுத்துக்கொண்டார்.

“ஆட்சேபண உண்டான்னு கேக்கும்போது மனசுல வச்சுக்கிட்டு, அப்புறம் போயி பிரியாணி திங்குறது பாவம்லா தம்பி? உள்ளதச் சொல்லிரணும். இதுல நம்ம ஆளு வேத்தாளு கெடையாது.”

தட்டச்சு அவருக்கு வராது. போனிலிருந்த மைக் படத்தை அழுத்திப் பேசினால் அதுவே தமிழில் எழுதிக்கொள்ளும். வாசற்படியில் நின்று, போனை வாய்க்கு நேரே பிடித்து, ஆற்றின் அக்கரையில் நிற்பவனைக் கூப்பிடுவது போல் ரிவ்யூ சொல்வார். இணையத்தில் ஏறுவதற்கு முன்னால் எங்கள் சந்துக்கு அது முழுதாகத் தெரிந்துவிடும். “மாட்டுங்கா தோல் டாக்டரு! கிளினிக் பளபளன்னு இருக்கு! டாக்டரு வாய்க்குள்ளேயே பேசுதாரு! ஒரு ஸ்டாரு!” என்று கேட்டதும் எதிர் வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருக்கும் என் மனைவி, “அப்ப மாட்டுங்கா வேண்டாம்” என்று தோசையைத் திருப்புவாள்.

இத்தனை டாக்டர்களை அவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்பீர்கள். தனக்காகப் போனதே இல்லை. எங்கள் சந்தில் யாருக்கு என்ன உடம்புக்கு வந்தாலும் கூடப் போகிற ஆள் அவர்தான். விடியுமுன் போய் ஆஸ்பத்திரி வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிப்பார். பெரியம்மாக்களுக்கு இந்தி அரைகுறை, டாக்டர்கள் பேசும் இங்கிலீஷ் அறவே கிடையாது. எனவே அண்ணாச்சி உள்ளே போய்க் கேட்டு வந்து தமிழில் சொல்வார். வடாலாவில் சிறுநீரக டாக்டரோ, தாதரில் இருதய டாக்டரோ, சான்பாடாவில் பல் டாக்டரோ, வெளியே வந்து அவர் சொல்வது ஒன்றுதான்:

“உப்பக் கொறைக்கணுமாம். வெந்நி குடிக்கணுமாம். காலைல நடக்கணுமாம்.”

மாத்திரைச் சீட்டை மருந்துக் கடைக்காரர் படித்துக் கொடுத்துவிடுவார், அதனால் ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை ஸ்பெஷலிஸ்ட்டுகளும் ஒரே கருத்தில் இருக்கிறார்களே, மருத்துவம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். கண்ணில் பூ விழுந்த பெரியம்மா ஒருவர் உப்பில்லாத கஞ்சி குடித்துவிட்டு வெயிலில் நடந்துகொண்டிருந்தார்.

முகக்கவசம் கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் அண்ணாச்சியின் கடுமை எல்லை மீறியது. அதுவரை எப்போதாவது இரண்டு, மூன்று என்று விழுந்தது. கவசம் வந்த பிறகு எல்லோருக்கும் ஒன்றுதான். அவர் ஐந்து ஸ்டார் போட்டது ஒரே ஒரு டாக்டருக்கு. செம்பூரில் ஓர் எலும்பு டாக்டர். ஊரே அவருக்கு ஒரு ஸ்டார் போட்டிருந்தது: கத்துகிறார், எரிந்து விழுகிறார், எங்கள் அம்மாவை அழவைத்தார் என்று பக்கம் பக்கமாகப் புலம்பல். அந்தக் குப்பைக்கு நடுவில் அண்ணாச்சியின் ஐந்து ஸ்டார் மட்டும் மின்னும்: “தங்கமான மனுசன். வாயத் தொறந்து பேசுதாரு.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஷீபா கிளினிக் திறந்தாள். எங்கள் சந்தில் பிறந்து, எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் பிடித்து, காது மூக்கு தொண்டை ஸ்பெஷலிஸ்ட்டாகத் திரும்பி வந்த பெண். எங்களில் முதல் டாக்டர். செம்பூரில் வேலை கொடுக்கிறோம் என்றார்கள், போகவில்லை. தொண்ணூறடி ரோட்டில் ஒரு சேலைக் கடைக்கு மேலே மாடியில் இடம் பிடித்தாள். திறப்பு விழாவில் பாஸ்டர் ஜெபித்தார், அண்ணாச்சி முன்வரிசையில் நின்று ஆமென் சொன்னார். எல்லோரும் சொல்லி முடித்து, ஷீபாவுக்குப் போட மாலையை எடுக்கும்போது சொன்னார். பக்தி அதிகம் என்று நினைத்தோம்.

மதினிக்கு மூக்கடைப்பு. முதல் நோயாளி நம்ம வீட்டு ஆளாக இருக்கட்டும் என்று அவர்தான் கூட்டிப் போனார். மறுநாள் காலை வாசற்படியில் நின்று போனை எடுத்தார்.

“நம்ம பிள்ள! குணமான பிள்ள! ஆனா உள்ளதச் சொல்லணும்லா! டாக்டரம்மா மூஞ்சிய மூடிக்கிட்டு வாய்க்குள்ள பேசுதாக! என்ன ஏதுன்னு ஒண்ணும் வெளங்கல! ஒரு ஸ்டாரு!”

சந்தே உறைந்துவிட்டது. என் மனைவி தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். உள்ளேயிருந்து மதினி ஓடிவந்து, “எனக்கு நல்லாக் கேட்டுதே! நம்ம தமிழ்லதான பேசுனா!” என்று கத்தினார்.

“நீ பாசத்துல சொல்லுத” என்றார் அண்ணாச்சி.

நாங்கள் ஷீபாவுக்காக வருத்தப்பட்டோமே தவிர, யாரும் அவள் கிளினிக்குக்குப் போகவில்லை. அண்ணாச்சி சொல்லைத் தட்டி எங்களுக்குப் பழக்கமில்லை. எங்கள் பிள்ளைகள் இந்தியில் சிரித்து மராத்தியில் சண்டை போடுகிறவர்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கோலம் மாதிரி. ரிவ்யூவில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார்கள், ஸ்டாரை மட்டும் எண்ணுவார்கள். ஒரு ஸ்டார் என்றால் அடுத்த டாக்டர். வேறு ஏரியாக்காரர்களும் அப்படித்தான் தாண்டிப் போனார்கள். ஷீபா காலையிலும் மாலையிலும் விளக்கைப் போட்டு வைத்துக்கொண்டு காலி நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கட்டிடத்தின் சொந்தக்காரர் அந்த இடத்தில் செல்போன் உறை விற்கிற கடை வைக்க ஆசைப்பட்டார். கிறிஸ்துமஸ் வரை பார்ப்போம், அதற்குள் ஆள் வரவில்லை என்றால் மூடிவிட்டு எங்கேயாவது பெரிய ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்குச் சேர்ந்துகொள்கிறேன் என்று ஷீபா அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அம்மா அதை எங்கள் எல்லோரிடமும் சொல்லி அழுதாள். நாங்கள் கூட்டமாக அண்ணாச்சி வாசலில் போய் நின்றோம்.

“அண்ணாச்சி, அந்த ரிவ்யூவ எடுத்திருங்க. நம்ம பிள்ள பொழப்பு போவுது.”

“ஓல வாசிக்கும்போது ஆட்சேபண சொல்லிட்டு, பந்தில உக்காந்தப்புறம் இல்லன்னு சொல்லுவாகளா?” என்றார் அவர். குரல் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. “எனக்கு மட்டும் ஆசையா தம்பி? தூக்கி வளத்த பிள்ள. ஆனா வெளங்காதத வெளங்குச்சின்னு எப்படிச் சொல்ல?”

மதினி அன்றிலிருந்து குழம்பில் உப்புப் போடுவதை நிறுத்தினார். கேட்டதற்கு, எல்லா டாக்டரும் சொன்னதுதானே என்றார். அண்ணாச்சி அந்தக் குழம்பையும் வாய் பேசாமல் சாப்பிட்டார், கொள்கையை விடவில்லை.

கடைசியில் ஷீபாவே எனக்குப் போன் செய்தாள். “அண்ணே, ஆபீஸ் விட்டு வரும்போது கிளினிக்குக்கு வாங்க. மாமா போட்ட ரிவ்யூ எல்லாத்தையும் எனக்கு வாசிச்சுக் காட்டணும். நான் எழுத்துக்கூட்டி ஒண்ணைப் படிக்கிறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துரும்.”

போனேன். வெறும் நாற்காலிகளுக்கு நடுவில் நானும் அவளும் உட்கார்ந்தோம். தாதரிலிருந்து ஆரம்பித்தேன்.

“‘இருதய டாக்டரு. நெஞ்சுல குழாய வச்சி அவரு மட்டும் கேட்டுக்கிடுதாரு. நமக்கு ஒண்ணும் சொல்லமாட்டேங்காரு. ஒரு ஸ்டாரு.’”

“அடுத்தது?”

“‘வடாலா கிட்னி டாக்டரு. என்னையப் பாக்காம கம்ப்யூட்டரப் பாத்துப் பேசுதாரு. கம்ப்யூட்டருக்கா கல்லு? ஒரு ஸ்டாரு.’”

“அடுத்தது?”

“‘பல் டாக்டரு. வரவேற்புல இருக்க பிள்ள பேரே கூப்புடல. எங்களுக்குப் பொறவு வந்தவன்லாம் உள்ள போறான். டாக்டரும் மூஞ்சில துணியக் கட்டிக்கிட்டு முணுமுணுக்காரு.’”

எனக்குச் சிரிப்பாக வந்தது. ஷீபா சிரிக்கவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“செம்பூர்ல ஒருத்தருக்கு மட்டும் அஞ்சு போட்டிருக்காராமே, அவரு எப்படி?”

“அவரு கத்துவாரு. அவரு இந்தப் பக்கம் திட்டுனா அந்தப் பக்கம் ஸ்டேஷன்ல கேக்கும்.”

“அண்ணே, இத்தனை டாக்டரும் ஒரே மாதிரி வாய்க்குள்ள பேசுவாங்களா?”

“உங்களுக்கெல்லாம் அப்படி ஒரு டிரெயினிங் உண்டுன்னு நினைச்சேன்மா.”

“அப்படி ஒரு பேப்பர் எங்களுக்கு இல்லண்ணே” என்றாள் ஷீபா. “மாமாவுக்குக் காது கேக்கலை.”

சர்ச்சில் எல்லோரும் பாடி முடித்த பிறகு தனியாக வரும் அவருடைய கடைசி வரி நினைவுக்கு வந்தது. தாமதமாக வரும் ஆமென் நினைவுக்கு வந்தது. ஒத்த ஸ்டார் என்று காதருகே சொன்னாலும் சிரித்துக்கொண்டு போகிற பெருந்தன்மையும் நினைவுக்கு வந்தது. சந்து முழுக்கக் கத்திப் பேசுகிற இடத்தில் ஒரு மனிதருக்குக் காது போனால் யாருக்குத் தெரியும்? சந்து முழுக்கச் சேர்ந்து அவருக்கு ஒலிபெருக்கியாக இருந்திருக்கிறோம்.

“இத அவருகிட்ட எப்படிச் சொல்றது? அடிக்க வந்துருவாரே” என்றேன்.

“சொல்ல வேண்டாம். திரும்ப ஒரு தடவ வந்து ஸ்டார் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க.”

மறுவிசாரணை என்றதும் அண்ணாச்சி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஹைகோர்ட் நீதிபதி தோரணையில் வந்தார். ஷீபா முகக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்தி உரக்கப் பேசினாள். அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, “பரவால்ல, திருந்திட்டா” என்றார். ரகசியமாகச் சொன்னதாக அவருக்கு நினைப்பு. கீழே சேலைக் கடையில் எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

கிளினிக்கில் பாதி இடத்தைச் சத்தம் புகாத ஒரு கூண்டு அறை அடைத்திருந்தது. தடித்த கதவு, சின்னக் கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒரு பட்டன். வெளியே மெஷின்.

“மாமா, இந்த ரூமுக்கும் சேத்து ஸ்டார் போடணும். காதுல இத மாட்டிக்கிட்டு உக்காருங்க. கூன்னு சத்தம் வரும்போதெல்லாம் இந்தப் பட்டன அமுக்கணும்.”

அண்ணாச்சி உள்ளே போய் உட்கார்ந்தார். ஷீபா மெஷினைத் திருகினாள். அவர் பட்டனில் கட்டை விரலை வைத்தபடி, பிளாட்பாரத்தில் வண்டி எதிர்பார்ப்பவர் போல நிதானமாக உட்கார்ந்திருந்தார். இன்னும் திருகினாள். ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துத் தலையாட்டினார், ஆரம்பிக்கலாம் என்கிற மாதிரி. இன்னும் திருகினாள். ரொம்ப நேரம் கழித்து ஒருமுறை அழுத்தினார். மெஷினில் ஒரு சின்ன விளக்கு எரிந்து அணைந்தது. பிறகு மறுபடி நிதானம்.

வெளியே வந்ததும் தீர்ப்புச் சொன்னார்: “ரூமு அருமை. பம்பாயில இப்படி ஒரு அமைதியான எடம் நான் பாத்ததில்ல. மிசினுதான் சரியில்ல ஏட்டி. பாதி நேரம் சும்மா கெடக்கு.”

ஷீபா மெஷினை ஒருமுறை பார்த்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

“நீ நம்பமாட்ட. தம்பி, நீ போயி உக்காரு. மிசினு ஓடலன்னு நீயே சொல்லுவ.”

நான் உள்ளே போய் அதைக் காதில் மாட்டிக்கொண்டேன். உடனே சத்தம் வந்தது. அழுத்தினேன். மறுபடி வந்தது. அழுத்தினேன். கொசு பறப்பது மாதிரி, தூரத்து ரயில் மாதிரி, விதவிதமாக வந்துகொண்டே இருந்தது. கை ஓயாமல் அழுத்தினேன். தலை நிமிர்ந்து பார்த்தால், ஜன்னலுக்கு அப்பால் அண்ணாச்சி அந்தச் சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எரிந்து எரிந்து அணைந்தது. நான் விரலை எடுத்துவிட்டேன். அதற்கு மேல் அழுத்த எனக்கு மனசு வரவில்லை.

வெளியே வந்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் ஆயுளில் முதல் தடவையாக அண்ணாச்சி மெதுவாகப் பேசி நான் கேட்டேன்.

“ஏட்டி ஷீபா, அப்போ அவுக எல்லாரும் பேசிக்கிட்டுதான் இருந்தாகளா?”

ஷீபா அவர் முகத்துக்கு நேரே குனிந்து, “பேசிக்கிட்டுதான் மாமா இருந்தாங்க” என்றாள்.

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு திடுக்கிட்டு நிமிர்ந்தார். “அப்போ உப்பு? நான் கூட்டிட்டுப் போன ஆளுக்கெல்லாம் உப்பக் கொறைக்கச் சொன்னேனே! ஒருத்தரு எப்பவோ அப்படிச் சொன்னாரு. எல்லாரும் அதத்தான் சொல்லுதாகன்னுல்லா நெனச்சேன்!”

“உப்பக் கொறைக்கிறது நல்லதுதான் மாமா. வெந்நியும் நல்லதுதான், நடக்கிறதும் நல்லதுதான். அதுல ஒரு தப்பும் இல்ல.”

தன் பிழைப்பில் மண்ணைப் போட்ட மனிதருக்கு அந்தப் பெண் இப்படி ஆறுதல் சொன்னாள். ஒரு டாக்டருக்கு இதற்காக ஸ்டார் போட அந்த ஆப்பில் வழியே இல்லை.

காதுக் கருவி மாட்டிக்கொண்டு சந்துக்குள் நுழைந்த அன்று நான் கூடவே வந்தேன். முதலில், “யாருடே அது இப்படிக் கத்துறது?” என்று சுற்றிப் பார்த்தார். நீங்கள்தான் என்றேன். நம்பவில்லை, இன்னொரு தடவை பேசிப் பார்த்துவிட்டு, பட்டென்று குரலைத் தணித்தார். குழாயடியை நெருங்கினோம். அங்கே வழக்கம்போல ஒரு குரல்: “ஒத்த ஸ்டார் வாராரு, வழி விடு.”

அண்ணாச்சி நின்றுவிட்டார்.

“யாரு தம்பி ஒத்த ஸ்டாரு?”

சந்தில் குழாய்த் தண்ணீர் தவிர வேறு சத்தமில்லை. குடத்தைப் பிடித்திருந்தவள் குடத்தை மறந்தாள்.

“நீங்கதான் அண்ணாச்சி” என்றேன்.

“எம்புட்டு நாளா?”

“செல்போன் வாங்குனதுலேருந்து.”

எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மீசையைத் தடவினார். “பேரு நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

மறுநாள் காலை வாசற்படியில் வந்து நின்றார். இப்போது மெதுவாகப் பேசினாலே போன் எழுதிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். மெதுவாகப் பேச அவருக்கு வந்தும் விட்டது. ஆனால் மூச்சை இழுத்துக்கொண்டு, பழைய குரலில், சந்தின் கடைசி வீட்டுக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

“நான் ஒத்த ஸ்டார் அண்ணாச்சி பேசுதேன்! காது மூக்கு தொண்ட டாக்டரம்மா ஷீபா! முன்னால போட்ட ஸ்டாரு தப்பு! டாக்டரம்மா நல்லாத்தான் பேசுதாக! எனக்குத்தான் காது கேக்கல! எனக்குக் காது கேக்கலன்னு பம்பாயில ஒரு டாக்டருக்கும் தெரியல, எனக்கே தெரியல, இந்தப் பிள்ள கண்டுபிடிச்சா! அஞ்சு ஸ்டாரு! எனக்கு ஒரு ஆட்சேபணயும் இல்ல!”

கதவுகள் திறந்தன. ஜன்னல்களில் தலைகள் தெரிந்தன. என் மனைவி தோசையைக் கருகவிட்டாள். அன்று சாயங்காலம் சேலைக் கடை மாடிப்படியில் உட்கார இடமில்லை. சந்துக்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று தங்கள் காது மேல் சந்தேகம் வந்துவிட்டது. பட்டறைக்காரர்கள் சுத்தியலை வைத்துவிட்டு வந்து வரிசையில் நின்றார்கள், அவர்களில் பலருக்குச் சந்தேகம் சரியாகவும் இருந்தது. செல்போன் உறைக் கடை வேறு இடத்தில் வந்தது.

அண்ணாச்சி அத்தோடு விடவில்லை. கேட்காமல் போட்ட ஸ்டாரை வீட்டில் உட்கார்ந்தே திருத்துவது நியாயமில்லை என்று ஒவ்வொரு டாக்டரிடமும் மறுபடி போய் உட்கார்ந்து, அவர் பேசுவதைக் காது குளிரக் கேட்டுவிட்டு, மாற்றிப் போட்டுவிட்டு வந்தார். மாட்டுங்கா தோல் டாக்டர் இந்த முறையும் பின்வாசலுக்குப் போகப் பார்த்தார். அண்ணாச்சி பின்வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார்.

செம்பூர் எலும்பு டாக்டரிடம் போய் வந்த அன்றுதான் முகம் வாடியிருந்தது.

“என்ன அண்ணாச்சி?”

“அவரு நம்மள இத்தன வருசமா திட்டிக்கிட்டுல்லா இருந்திருக்காரு தம்பி! நல்லா வெவரமாச் சொல்லுதாருன்னு நெனச்சேன். அவ்வளவும் ஏச்சு.”

“அப்போ ஸ்டாரக் கொறைச்சிட்டீங்களா?”

“எப்படிக் கொறைக்க?” என்றார். “ஏசுனாலும் எனக்குக் கேட்ட ஒரே மனுசன் அவருதான்லா.”

அந்த ஐந்து ஸ்டார் இன்னும் அப்படியே இருக்கிறது. அண்ணாச்சிதான் எங்கள் சந்தில் இல்லை. மகன் சான்பாடாவில் வீடு வாங்கி அவரையும் மதினியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே பதினாறு மாடி, லிப்ட், எல்லோரும் மெதுவாகப் பேசுகிற இடம். கருவி இருந்தும் ஒருத்தன் பேசுவதும் கேட்கமாட்டேன் என்கிறது என்று மதினியிடம் புகார் சொல்கிறாராம்.

போன மாதம் எனக்குத் தொண்டை கட்டிப்போய்ப் பேச்சே வரவில்லை. ஷீபாவிடம் போனேன். உட்கார இடம் கிடைக்கவே வெகுநேரம் ஆனது. தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “கத்திக் கத்தியே புண்ணாக்கி வச்சிருக்கீங்க. இனிமே யாருகிட்டயும் சத்தம் போட்டுப் பேசக்கூடாதுண்ணே” என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். டாக்டர் சொன்னால் கேட்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சான்பாடாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், “அண்ணாச்சி! சௌக்கியமா இருக்கியளா!” என்று இருக்கிற குரலையெல்லாம் கூட்டிக் கத்தினேன். “ஏன் தம்பி கத்துத? மெதுவாப் பேசு, எனக்கு நல்லாக் கேக்குது” என்றார். போனில் மெதுவாகப் பேசினாலும் அவருக்குக் கேட்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் கத்தாமல் பேசினால் வேறு யாரோ ஒருவரிடம் பேசுவது போலிருக்கிறது.